இணைய இணைப்பை மாற்றப் போகிறீர்களா?



2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமது பிள்ளைகள் பட்ட பாடு நினைவிருக்கும். போஹிட்டியாவ என்னும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அதன் பின்னர் எங்கள் தோட்டத்திலும் பல வீடுகள் கஷ்டப்பட்டு இணைய இணைப்பு எடுத்தன. இப்போது என்னிடம் வரும் கேள்வி வேறு. "இந்தக் கம்பனி சரியில்லை அக்கா, மற்றதுக்கு மாறலாமா?"

தாராளமாக மாறலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் உங்கள் காசு தங்கியிருக்கிறது.

அடுத்த லயத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து தாய்வீடு திரும்பியவர். கொழுந்து பறித்து மகளை உயர்தரம் படிப்பிக்கிறார். வீட்டு இணைப்பு அவரது தம்பியின் பெயரில் இருந்தது. தம்பியோ கட்டாரில். இணைப்பு மந்தமானதும் வேறொரு கம்பனியின் ரவுட்டரை வாங்கினார். பழையதைக் கழற்றி வைத்தார். பழைய கட்டணப் பட்டியல் நிற்கவில்லை. ஒரு நாள் பேரை விட்டு விட்டு அலுவலகத்துக்குப் போனால், "இணைப்புக்காரர்தான் வரவேண்டும்" என்றார்கள். புதிய ரவுட்டருக்கோ அந்த லயத்தில் சிக்னல் இல்லை. இரண்டுக்கும் காசு போனது, மகளுக்குப் பாடம் இல்லை. தம்பி கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பிய பிறகே பழைய இணைப்பு நின்றது. அதற்குள் மூன்று மாதக் கட்டணம் ஏறிவிட்டது.

இந்த நிலை உங்களுக்கு வராமலிருக்கச் சில விடயங்கள்:

1. முதலில் சோதித்துப் பாருங்கள். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில் கோபுரம் இருந்தாலும், இடையில் ஒரு குன்று மறைத்தால் பள்ளத்து லயத்துக்கு அலை வராது. டயலொக், மொபிடெல், ஹட்ச் எதுவானாலும், அந்தக் கம்பனியின் சிம் உள்ள கைத்தொலைபேசியை இரவல் வாங்கி, ரவுட்டர் வைக்கப்போகும் இடத்திலேயே பாருங்கள். காலையில் மட்டுமல்ல, எல்லோரும் பாவிக்கும் இரவு எட்டு மணிக்கும் பாருங்கள். கம்பி இணைப்பானால், பழைய செப்புக் கம்பியில் எக்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஃபைபரில் அந்தக் குறை இல்லை. ஆனால் அது உங்கள் தோட்டத்து வீதிக்கு வந்திருக்க வேண்டும்.

2. பெக்கேஜைப் பிரித்துப் பாருங்கள். 'இத்தனை கிகாபைட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதில் ஒரு பகுதி நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும் பாவிக்கக் கூடியதாக இருக்கலாம். பிள்ளை படிக்கும் நேரத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

3. புதிய இணைப்பை உங்கள் பெயரிலேயே எடுங்கள். லயத்துக்குத் தனி விலாசம் இல்லை, உங்கள் பெயரில் மின்சாரப் பட்டியல் இல்லை என்றால், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்றுச் செல்லுங்கள். வடக்கு கிழக்கில் பழைய தொலைபேசி இணைப்பு கணவர் பெயரில் இருந்தால், மரணச் சான்றிதழுடன் பெயரை மாற்றக் கேளுங்கள். கணவர் காணாமற்போனவர் என்றால், மரணச் சான்றிதழ் எடுத்தேயாக வேண்டும் என்று மனம் நோக வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறலாம். அதைக் காட்டிக் கேளுங்கள்.

4. பழையதைக் கடைசியில் நிறுத்துங்கள். புதியது ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடட்டும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, நிலுவை எவ்வளவு என்று கேட்டு, நிறுத்தும்படி எழுத்தில் கொடுங்கள். ரவுட்டர் கம்பனியுடையதென்றால் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீட்டுத் தொலைபேசி அதே கம்பியில் இருந்தால் அந்த இலக்கமும் போய்விடலாம். பாடசாலைக்கும் வங்கிக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

5. வேறு கம்பனியின் சிம் ஒன்று கையில் இருக்கட்டும். ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து நாம் பட்ட அவதியை மறக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால், முதலில் கம்பனிக்கு முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் குறித்து வைத்திருங்கள். பின்னர் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. பட்டியல், பற்றுச்சீட்டு, கடிதப் பிரதி எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

மாதாமாதம் கொழுந்துக் காசில் கட்டணம் செலுத்துபவர் நீங்கள். பட்டியலிலும் உங்கள் பெயரே இருக்கட்டும்.