கைத்திரையும் வீட்டுத்திரையும்

பழைய வானொலிப் பெட்டிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியதன் பின்னர் மாணவர் சிலர் என்னை அணுகி, “சேர், எங்கள் காலத்துப் பொருள் ஒன்றைப் பற்றியும் எழுதக்கூடாதா?” என்று கேட்டனர். தாராளமாக எழுதலாம். ஆயின், தம் காலத்துப் பொருள் என்று அவர்கள் எண்ணுவதும் அத்துணைப் புதியதன்று. கையிற் பிடித்து ஆடும் சிறு விளையாட்டுப் பொறியின் ஆட்டத்தை, ஓர் இணைப்புக் கருவியின் துணைகொண்டு வீட்டுத் தொலைக்காட்சியிற் காணும் வழக்கம் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதனை இவ்வாரம் சிறிது விரித்து நோக்குவோம். சிறுபிள்ளை விவகாரம் என்று பெரியோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அவர்களுக்கும் இதிலே பங்குண்டு.

யப்பானின் கியோத்தோ நகரிலே 1889இல் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிறுவனமே நின்ரெண்டோ. முந்நூற்றுநாலு ஆடி இரவைப் பகலாக்கும் நம்மூர்ப் பெரியோர், இளைஞரின் விளையாட்டுப் பொறியைக் கண்டிக்குமுன் இவ்வுறவுமுறையைச் சற்று நினைத்தல் நன்று. அந்நிறுவனத்தில் 1965இல் பணியிற் சேர்ந்த குன்பெய் யொக்கோய் என்பவர், இரயிலில் ஒருவர் பொழுதுபோகாமற் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுப் பொறியை எண்ணினார் என்பர். 1980இல் அத்தகைய பொறிகள் வந்தன. 1989இல் அவருடைய குழுவினர் ‘கேம் போய்’ என்பதை வெளியிட்டனர். அதன் திரையில் அகலத்துக்கு 160, உயரத்துக்கு 144 புள்ளிகள். நிறமோ, பாசி படிந்த குளத்தைப் போன்ற பச்சையில் நான்கு சாயல்கள் மாத்திரமே. ஏறத்தாழ அதே காலத்தில் வேறு நிறுவனங்கள் பல வண்ணத் திரையுடன் கூடிய பொறிகளை விற்றன. அவை ஆறு பற்றறிகளைச் சில மணித்தியாலங்களில் விழுங்கின. கேம் போய் நான்கு பென்ரோச் பற்றறிகளிற் பத்து மணித்தியாலத்துக்கு மேலாக உழைத்தது. மலிந்த, பழகிய தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துக என்பதே யொக்கோயின் கொள்கை. முடிவில் வென்றது மங்கிய திரையே.

நான்கு பற்றறி என்று இங்கே எளிதாக எழுதிவிட்டேன். அப்பொறி உலகெங்கும் விற்பனையாகிக் கொண்டிருந்த 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. யுத்தத்தின் பொருளாதாரத் தடையிற் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. அக்காலத்திற் சிறுவராய் இருந்த எம் தலைமுறையினருக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்கட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவிற் பிறந்த மின்னோட்டத்தில் வானொலி பேசும். சுற்றுபவர் களைத்தாற் செய்தியும் களைக்கும். ஜாம் போத்தலுக்குட் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் கீழே பாடம் படித்தோம். அத்தகைய நாட்டிலே, பையில் வைத்து ஆடும் பொறி ஒன்று எவர் கைக்காவது வந்திருப்பினும், அது சில மணித்தியாலங்களுள் வெறும் சாம்பல் நிறப் பெட்டியாய்ப் போயிருக்கும்.

தொலைக்காட்சியின் கதை வேறு. அது ஒருவருக்கு உரியதன்று. மின்பிறப்பாக்கியும் ‘டெக்’கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தால், அயல் முழுவதும் பாயும் தலையணையுமாக வந்துவிடும். இரவு தொடங்கிப் பொழுது விடியும்வரை மூன்று நான்கு படங்கள். நடுவிலே எண்ணெய் தீர்ந்து திரை சுருங்கி அணைந்தால், அத்தனை பேரும் ஒரே குரலிற் பெருமூச்செறிவர். பெரிய திரை பலருக்குரியது என்னும் எண்ணம் எம் மனத்தில் இவ்வாறுதான் பதிந்தது. கைத்திரையோ பிறப்பிலேயே ஒருவருக்குரியது. தோளின் மேலாக எட்டிப் பார்ப்பவரைக்கூட அது பொறுத்துக்கொள்வதில்லை.

இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி 1994இல் நிகழ்ந்தது. அதன் பெயர் ‘சுப்பர் கேம் போய்’. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெரிய பொறியாகிய ‘சுப்பர் நின்ரெண்டோ’வின் மேல் அதனைச் செருகி, அதன் உச்சியிற் சிறிய பொறியின் கசற்றைச் செருகவேண்டும். ‘ஒரு வயரைக் கொண்டு நேரே இணைத்தால் ஆகாதா?’ என மாணவர் வினவுவர். ஆகாது. கேம் போயில் ஒலியை வெளியே தரும் துளை உண்டு. இரு பொறிகளைத் தம்முட் பிணைக்கும் துளையும் உண்டு. படத்தை வெளியே தரும் வழி இல்லை. ஆதலால் அவ்விணைப்புக் கருவிக்குள்ளேயே கேம் போயின் செயலியை வைத்துவிட்டார்கள். அஃதாவது, அது படத்தை மாற்றும் கருவி மட்டுமன்று. திரையில்லாத ஒரு முழுக் கேம் போய். ஆட்டம் அதனுள் நிகழும். பெரிய பொறி அதன் படத்தை வாங்கித் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும்.

பெரிய பொறியின் படம் 256க்கு 224 புள்ளிகள். சிறியது 160க்கு 144. எனவே இரு பக்கங்களிலும் 48 புள்ளிகள், மேலும் கீழும் 40 புள்ளிகள் வெறுமையாய் எஞ்சின. அவ்விடத்தைச் சுவாமி படத்துக்குச் சட்டம் போடுவதுபோலச் சித்திரக் கரையிட்டு நிரப்பினர். நான்கு சாயல்களுக்கும் விரும்பிய வண்ணம் தீட்டவும் வழி செய்தனர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கருவியின் ஓட்டம் பெரிய பொறியின் துடிப்பிலிருந்து பெறப்பட்டமையால், அமெரிக்க, யப்பானியப் பொறிகளில் ஆட்டம் இயல்பினும் நூற்றுக்கு இரண்டரை பங்களவு விரைந்து ஓடிற்று. பாட்டின் சுருதியும் அதற்கேற்பச் சற்று ஏறிற்று. கூரிய செவியுடையோர் மட்டும் இதனைக் கண்டுபிடித்தனர். இக்குறையைத் தீர்த்து, இரு பொறிகளைப் பிணைக்கும் துளையையும் சேர்த்த இரண்டாவது கருவி 1998இல் யப்பானில் மாத்திரம் விற்பனைக்கு வந்தது.

2003இல் வந்த ‘கேம் போய் பிளேயர்’ இதனினும் செம்மையானது. 2001இல் வெளிவந்த ‘கேம் கியூப்’ என்னும் கனசதுரப் பொறியின் அடியிற் பீடம்போலப் பொருந்தும். பழைய கேம் போய், வண்ணக் கேம் போய், ‘அட்வான்ஸ்’ ஆகிய மூவகைக் கசற்றுகளையும் ஏற்கும். ஆயின் உடன் தரப்படும் தொடக்கத் தட்டு இல்லாவிடில் இயங்காது. அத்தட்டை எறிந்துவிட்டுப் பீடத்தை மட்டும் பொதி செய்து ஊருக்கு அனுப்பும் உறவினர் எத்தனை பேரோ!

வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களில் நம்மவர் அடையும் ஏமாற்றம் இங்கே சொல்லத் தக்கது. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, நம்முடையது 230. அங்கிருந்து வந்த மின்னிணைப்பியை இங்கே நேரே மாட்டினால், ஒரு வெடிச் சத்தமும் கருகல் நாற்றமுமே கிடைக்கும். அதனைக் கடந்தாலும், வட அமெரிக்காவின் படமுறை வேறு, நாம் கைக்கொண்ட ‘பால்’ முறை வேறு. பழைய தொலைக்காட்சிகள் சிலவற்றிற் படம் நிறமிழந்து தோன்றும். சிலவற்றில் மேலும் கீழுமாய் உருளும். இலண்டனிலிருந்து வருவதற்கு இவ்விரு தொல்லையும் இல்லை. கேம் கியூப் பொறிக்கும் தட்டுக்கும் நாட்டுப் பிரிவு ஒத்திருத்தலும் வேண்டும். மாமா கனடாவிலிருந்து பொறியையும், சித்தப்பா இலண்டனிலிருந்து தட்டையும் அனுப்பினால், இருவரும் நல்லவர்களாயிருந்தும் பயனில்லை.

பெரிதாக்கினாற் படம் தெளியுமா என்றொரு கேள்வி. இன்று கடைகளில் ‘போர் கே’ என்று விற்கப்படும் திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். கேம் போயின் ஒரு புள்ளியை அங்கே அகலத்திலும் உயரத்திலும் பதினைந்து மடங்காக்கினால், உயரம் சரியாக நிரம்பும். பக்கத்துக்கு 720 புள்ளி எஞ்சும். புள்ளி பெரிதாகுமேயன்றிப் புதிய விவரம் ஒன்றும் தோன்றாது. மேலும் புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்டுவதற்கென ஒரு கணம் தாமதிக்கும். பொத்தானை அழுத்தியபின் வீரன் சோம்பலாய்த் துள்ளுவான். படக்குழாய் கொண்ட பழைய பெட்டிகளில் அத்தாமதம் இல்லை. அதனாலேயே அவற்றை மேனாடுகளில் ஆர்வலர் தேடித் திரிகின்றனர். நாமோ பழைய இரும்பு வாங்குவோரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

2017இல் வந்த ‘சுவிச்’ பொறி இச்சிக்கல்களைத் தலைகீழாக்கிற்று. கையிலிருப்பதே முழுப் பொறி. அதனைத் தொட்டிலில் வைத்தவுடன் படம் தொலைக்காட்சிக்குத் தாவும். 15 கோடிக்கு மேல் விற்றுள்ளது. இதில் எனக்குப் பிடித்தது அதன் நுட்பமன்று. தொலைக்காட்சியில் அப்பா செய்தி பார்க்க வேண்டுமாயிற் பிள்ளை பொறியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போகலாம். செய்தி முடிந்தபின் திரும்பி வந்து வைக்கலாம். வீட்டிலுள்ளோர் ஒருவருக்கொருவர் இடம் விடுகின்றனர். பிள்ளைகள் மூலையிற் குனிந்து கைத்தொலைபேசியில் ஆடுவதைப் பற்றி என்னிடம் முறையிடும் பெற்றோர் பலர். அவர்களிடம், ‘பறிக்காதீர்கள், கூடத்துத் திரையிற் போட்டு ஆடச் சொல்லி அருகில் இருந்து பாருங்கள்’ என்பேன். என்ன ஆடுகிறான், எங்கே தோற்கிறான், எதற்குச் சினக்கிறான் என்பன தெரியவரும். ஆயினும், எந்நேரமும் பெற்றோர் கண்முன் ஆடும் ஆட்டம் ஆட்டமாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனிமையும் பிள்ளைக்கு வேண்டும். எத்துணை நேரம் என்பதை அவ்வவ் வீட்டாரே முடிவு செய்வாராக.

இவ்விணைப்புக் கருவியைப் பற்றி நான் அறிந்துகொள்ள நேர்ந்தது உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரால். 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபின், ஐரோப்பாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருடைய மாமாவுக்கு வண்ணக் கேம் போய் ஒன்றையும் ‘போக்கிமோன்’ கசற் ஒன்றையும் கொடுத்தாராம். மாமாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. 2006 ஆகஸ்டிற் பாதை மூடப்பட்டபோது வன்னியில் உறவினர் வீட்டில் நின்றவர் பின்னர் ஊர் திரும்பவில்லை. 2009க்குப் பின் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. பொறியும் கசற்றும் அம்மம்மாவின் அலுமாரியில் இருந்தன. அதிலே, ஆட்டத்தைத் தொடங்குகையில் மாமா பதித்த தம் பெயர் இருந்தது. ஏழெழுத்துக்குள் அடக்கவேண்டிய பெயர். அம்மம்மாவுக்கு இரு கண்ணிலும் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. ஒளியில்லாத அச்சிறு திரையில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. “தம்பி, இதைப் பெரிசாக்கிக் காட்ட ஏலாதோ?” என்று அவர் கேட்டதை, மாணவர் என்னிடம் கேட்டார்.

இலண்டனிலுள்ள என் பழைய மாணவர் ஒருவர், தம் வீட்டுப் பரணிற் கிடந்த கேம் கியூப்பையும் பீடத்தையும், மறவாமல் தட்டையும் அனுப்பிவைத்தார். கூடத்தில் அதனைப் பொருத்தியபோது எங்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. அவ்விளையாட்டிற் பதிவு ஒன்றுக்கே இடம். ‘புதிய ஆட்டம்’ என்பதைத் தெரிந்து தொடங்கிப் பதிவுசெய்தாற் பழையது அழிந்துவிடும். மாணவர் கைநடுங்க ‘தொடர்க’ என்னும் சொல்லின் மேல் நின்றார். பெயரும், ஆடிய நேரமும் திரையில் வந்தன. அறுபத்தொரு மணித்தியாலம். மாணவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினார். அம்மம்மா கதிரையை முன்னே இழுத்துவைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அறுபத்தொரு மணித்தியாலமோ? நான் உவன் படிக்கிறான் எண்டெல்லோ நினைச்சனான்,” என்றார்.

அன்று மாணவர் கேட்ட மற்றொரு கேள்விக்கு விடையளித்து முடிக்கிறேன். பழைய கசற் வைத்திருப்போர் பிறருக்கும் அது பயன்படும். அக்காலத்துக் கசற்றுகள் பலவற்றிற் பதிவைக் காத்துநிற்பது, உள்ளே பற்றவைக்கப்பட்ட நாணயம்போன்ற ஓர் இலிதியம் மின்கலம். பொறியின் பற்றறி தீர்ந்தாலும் அது உழைக்கும். இருபது ஆண்டளவில் அதுவும் சோரும். சோர்ந்த கணத்திற் பதிவு முழுதும் போய்விடும். மின்கலத்தைக் கழற்றினாலும் அவ்வாறே. ஆகையால் முதலில், கசற்றைக் கணினியோடு இணைக்கும் சிறு வாசிப்புக் கருவியைக் கொண்டு பதிவைக் கோப்பாகப் பிரதி எடுக்கவேண்டும். அதன் பின்னரே பழைய மின்கலத்தை நீக்கிப் புதியதைப் பற்றவைத்து, பதிவைக் கசற்றுக்குள் மீள எழுதுதல் தகும். பற்றாசு பிடித்துப் பழகாதவர் கைத்தொலைபேசி திருத்துவோரிடம் கொடுக்கலாம். ஆயின் பிரதி எடுக்குமுன் கொடுக்கலாகாது. மாணவர் அவ்வாறே செய்தார். ஒரு பிரதி அவரிடமும், ஒன்று இலண்டனிலும், ஒன்று என் கணினியிலும் இருக்கின்றன. அக்கோப்பின் அளவு 32 கிலோபைற்று.