மஞ்சள் வேகவைக்க எண்ணெய் எதற்கு?

வெயிலைக் குவித்து மஞ்சள் வேகவைக்கவும் நெல் புழுக்கவும் சாதனம் வாங்கலாமா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கண்ணாடியின் பளபளப்பைப் பார்த்து விலை பேசும் நாம், அது குவிக்கும் சூட்டைக் கொப்பரைக்குச் சுமந்து வருவது எது என்று கேட்பதில்லை. குழாய்க்குள் ஓடுவது தண்ணீரா, எண்ணெயா? சாதனம் எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெரிதும் அதைப் பொறுத்தது.

எண்ணெய் என்றால் 300 டிகிரி வரை போகும் என்பார் விற்பவர். நமக்கு 300 டிகிரி எதற்கு? மஞ்சள் வேக 100 டிகிரி சென்டிகிரேடு போதும். நெல் ஊற 70, புழுங்க 100. வெல்லப் பாகு பதத்திற்கு வரும்போதும் 120-ஐத் தாண்டுவதில்லை. 3 கிலோ அழுத்தத்தில் உள்ள நீராவியின் சூடு சுமார் 143 டிகிரி. நம் வேலை அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும்.

சூட்டைச் சுமப்பதிலும் தண்ணீரே மேல். ஒரு கிலோ நீராவி மீண்டும் நீராகும்போது சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் தரும். ஒரு கிலோ எண்ணெய் 50 டிகிரி ஆறினால் கிடைப்பது 25 முதல் 30 கிலோ கலோரிதான். எண்ணெய் கசிந்து மஞ்சளில் பட்டால் அந்த மஞ்சளை எந்த மண்டியில் விற்பது? கொதிசூட்டில் காற்றுப் பட்டால் எண்ணெய் கெட்டியாகிக் கசடாகும். மாற்றுவதற்குப் பணம் வேண்டும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் மொஜாவே பாலைவனத்துச் சூரிய மின் நிலையம் ஒன்றில், சூடான எண்ணெய் சேமித்த தொட்டி 1999-இல் எரிந்துபோனது.

மின்சாரம் எடுப்போர் கணக்கு வேறு. அவர்களுக்கு 400 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தண்ணீரை 250 டிகிரிக்குக் கொண்டுபோனாலே அழுத்தம் 40 கிலோவை நெருங்கும். ஆகவே எண்ணெயை நாடுகிறார்கள். ஸ்பெயினில் உருக்கிய உப்பையே ஓடவிடுகிறார்கள். அதில் 40 பங்கு, நாம் இலைவழி தெளிக்கும் பொட்டாசியம் நைட்ரேட்தான். மீதி சோடியம் நைட்ரேட். 565 டிகிரி தாங்கும், ஆனால் 220 டிகிரிக்கு ஆறினாலே குழாய்க்குள் கல்லாகிவிடும். நம் களத்தில் அதைக் கட்டி மேய்க்க முடியாது.

விவசாயத்துக்கு வெயிலைக் குவித்த முன்னோடி நம்பியதும் தண்ணீரைத்தான். பிராங்க் ஷுமன் என்ற அமெரிக்கர், 1913-இல் எகிப்தின் மாதி என்ற ஊரில், நீண்ட வளைந்த கண்ணாடிகளால் நீராவி எடுத்து, நைல் நதி நீரை இறைத்துக் காட்டினார்.

தண்ணீருக்கும் குறை இல்லாமல் இல்லை. கொங்குப் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர். அதை அப்படியே ஊற்றினால் குழாயின் உட்புறம் சுண்ணாம்புப் படிவு கட்டும். சூடு உள்ளே இறங்காது. குழாய்தான் வெந்து கெடும். நீராவியை நேரே மஞ்சளில் பாய்ச்சினால் அது திரும்பி வராது. தினமும் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், படிவும் தினமும் கூடும். என் யோசனை, இரட்டைச் சுவர்க் கொப்பரை வைத்து, நீராவி குளிர்ந்த நீரைத் திரும்பக் குழாய்க்கே விடுவது. வேலை சற்று மெதுவாக நடக்கும், பரவாயில்லை. குறையும் தண்ணீருக்குச் சேமித்த மழைநீரை ஊற்றலாம்.

அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் இல்லாத சாதனத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தண்ணீர் வற்றினால் முதலில் கண்ணாடியை வெயிலிலிருந்து திருப்ப வேண்டும். வற்றிச் சூடேறிய குழாயில் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது.

மேகம் மறைத்தால் நீராவி நின்றுவிடும். எண்ணெய்த் தொட்டியோ சூட்டைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். இந்த ஒன்றில் எண்ணெய்க்காரர் சொல்வது சரி. ஆனால் நம் மஞ்சள் அறுவடை தை, மாசியில். அப்போது வெயிலுக்குப் பஞ்சமில்லை. பழைய விறகு அடுப்பை மட்டும் இடித்துவிட வேண்டாம்.