'ஐ7' ஸ்டிக்கரை நம்பி பட்ஜெட் லேப்டாப் வாங்கலாமா? கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய 4 எண்கள்

உல்லாஸ்நகர் என்றதும் மும்பைக்காரர்கள் சொல்லும் பழைய ஜோக் ஒன்று உண்டு: 'மேட் இன் யூஎஸ்ஏ'. இந்த யூஎஸ்ஏ அமெரிக்கா இல்லை, 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்'. பிரிவினைக்குப் பின் சிந்துவில் இருந்து வந்த அகதிகள் கல்யாண் ராணுவ முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். அது ஊராக மாறியபோது, 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல், நம்ம ராஜாஜி. ஜீன்ஸ், ஃபர்னிச்சர், எலக்ட்ரானிக்ஸ் என எதையும் மலிவாக வாங்கலாம் என்று பெயரெடுத்த சந்தை அது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் இருந்து முதல் சம்பளத்தோடு லேப்டாப் தேடிக் கிளம்புபவர்கள் கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் கல்யாண் தாண்டி உல்லாஸ்நகருக்கு. பழைய ஜோக்கை வைத்து அந்தக் கடைகளைச் சந்தேகப்பட வேண்டாம். ஏமாறுவதற்குப் போலி ஸ்டிக்கர் தேவையில்லை. அசல் ஸ்டிக்கரே போதும்.

எப்படி?

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சிப் என்றால், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 8-வது தலைமுறையாவது இருக்க வேண்டும்.

அலுவலகங்கள் கழித்துவிடும் மெஷின்கள்தான் ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருகின்றன. அவற்றில் 2015-இல் வந்த 6-வது தலைமுறையும் இருக்கும், 2016-இல் வந்த 7-வது தலைமுறையும் இருக்கும். பார்க்கப் பளபளப்பாக, 'ஐ7' ஸ்டிக்கரோடு, ஆசைப்படும் விலையில்.

புதுசு பக்கம் நிலைமை வேறு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிவிட்டது. நாம் கடையில் வாங்கும் 'க்ரூஷியல்' ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே கைவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. 2025 செப்டம்பர் 22-இல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தில் பெரிய டிவிகளுக்கு வரி குறைந்தது. லேப்டாப்புக்கு அதே 18 சதவீதம்தான். புதுசு விலை ஏற ஏற, பழசு இன்னும் மலிவாகத் தெரியும். சிக்கல் அங்கேதான்.

எண் 1: ப்ராசஸரின் முழு நம்பர்

'ஐ5', 'ஐ7' என்பது வெறும் குடும்பப் பெயர். வயதைச் சொல்வது அதற்குப் பின் வரும் நம்பர். ஐ7-6600யூ என்றால் 6-வது தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8-வது தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் 11-வது. முதலாவதில் 2 கோர், இரண்டாவதில் 4 கோர். அதாவது, 'பெரிய' ஐ7-ஐ விட 'சின்ன' ஐ5-இல் இரு மடங்கு கோர். விண்டோஸ் 11-ம் அதில்தான் முறையாக ஓடும்.

புது லேப்டாப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஏஎம்டி ரைசன் 5 7520யூ-வில் முதல் எண் 7 என்பது 2023 மாடல் என்பதைக் குறிக்கிறது. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: 2. உள்ளே இருப்பது 2019-இல் வந்த 'ஜென் 2' வடிவமைப்பு என்று அர்த்தம். மோசமான சிப் இல்லை, ஆனால் பெயர் சொல்லும் அளவுக்குப் புதுசும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் என்றால், மைக்ரோசாஃப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்' செயலியைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். தகுதியில்லாத மெஷினிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தர முடியும். எனவே 'ஓடுதே பாருங்க' என்பது பதில் ஆகாது.

எண் 2: ரேம்

விண்டோஸ் 11-க்குக் காகிதத்தில் 4 ஜிபி போதும். ஒரு வீடியோ காலும் பத்து பிரவுசர் டேபும் திறந்தால் திணறும். தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்காக லட்சக்கணக்கில் வாங்கும் லேப்டாப்புக்கே 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்றுதான் நிர்ணயித்தது. அதற்குக் கீழே போகாதீர்கள். கூடவே, 'ரேம் கூட்ட முடியுமா?' என்று கேளுங்கள். மேலே சொன்ன 7520யூ போன்ற சிப் உள்ள லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

எண் 3: பேட்டரி சதவீதம்

விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 'டிசைன் கெப்பாசிட்டி' 50,000, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 30,000 என்று இருந்தால், மீதமிருக்கும் உயிர் 60 சதவீதம். புது பேட்டரி விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

எண் 4: சீரியல் நம்பர், பில்லில்

அடிப்பக்கத்தில் இருக்கும் சீரியல் நம்பரும் பயாஸில் தெரியும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிகிறது, முடிந்துவிட்டதா என்று தெரியும். சார்ஜரில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அது யாருடையது என்று சரிபார்க்கலாம்.

"பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். அங்கே கவனம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் காலவரம்பு சொல்லப்படாவிட்டால் 30 நாள் என்று வைத்துக்கொள்கிறது சட்டம். உல்லாஸ்நகரில் வாங்கிவிட்டு தாராவியில் வசித்தால், நீங்கள் வசிக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. முதலில் 1915 உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். பில் இல்லாவிட்டால் இதில் எதையும் நிரூபிப்பது பெரும் பாடு.

அப்போ புதுசா, பழசா?

விலையை, அது ஓடப்போகும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு: 15,000 ரூபாய்க்கு வாங்கிய 6-வது தலைமுறை 'ஐ7', அப்டேட் இல்லாமல் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டி வந்தால் ஆண்டுக்கு 15,000. 24,000 ரூபாய்க்கு 11-வது தலைமுறை ரீஃபர்பிஷ்டு, 3 வருடம் ஓடினால் ஆண்டுக்கு 8,000. 42,000 ரூபாய்க்குப் புதுசு, 6 வருடம் ஓடினால் ஆண்டுக்கு 7,000. 'மலிவு' என்று நினைத்ததுதான் மூன்றிலும் விலை அதிகம்.

லினக்ஸ் போட்டு பிரவுசரில் மட்டும் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். பழைய மெஷினே போதும். ஆபீஸ் விபிஎன், வீடியோ கால், நெட் பேங்கிங் எல்லாம் விண்டோஸில்தான் என்றால் மாறாது.

40,000 கையில் இல்லையா? பரவாயில்லை. 8-வது தலைமுறைக்கு மேல், 8 ஜிபி, எஸ்எஸ்டி, பில்லோடு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அடுத்த கடைக்கு நடங்கள்.