பழைய டிஸ்க் யாருக்கு?

மௌலா அலி வட்டாரத்துக்கு கம்ப்யூட்டர் நேற்று வந்த விருந்தாளி அல்ல. 1969-லேயே டிடிசி-12 கம்ப்யூட்டரை வெளியிட்ட இசிஐஎல் நிறுவனம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இன்று ஹவுசிங் போர்டு காலனியின் மாடி வீடுகளில் உள்ள கவலை ரொம்பச் சின்னது. 2015 வாக்கில் வாங்கிய லேப்டாப்பின் பட்டனை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர் போன்ற கம்ப்யூட்டர் சந்தைகளில் எந்தக் கடைக்காரரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். இந்த விஷயத்தில் கடைக்காரர் சொல்வது உண்மை.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க் என்பது கிராமபோனின் தூரத்துச் சொந்தம். லேப்டாப்பில் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதன் மேல் ஒரு கை முன்னும் பின்னும் ஓடி, கேட்ட தகவல் தன் அடியில் வரும்வரை காத்திருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகளை இப்படிப் பொறுக்கினால் விநாடிக்கு 100 துண்டு தேறுவதே பெரிய காரியம். விண்டோஸ் கண் விழிக்கும்போது கேட்பதோ இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளை. எஸ்எஸ்டியில் சுற்றவும் ஒன்றுமில்லை, ஓடவும் ஒன்றுமில்லை. தகவல் சிப்பில் மின்னூட்டமாக இருக்கிறது. சாதாரண சாட்டா ரக எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல ஆயிரம் துண்டுகளைக் கொடுத்துவிடும்.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்கினால் அதிர்ஷ்டம். எஸ்எஸ்டிக்கு மூலமான ஃபிளாஷ் சிப்பை தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்தார். 2006-இல் சாம்சங் அதை லேப்டாப்புக்குள் வைத்து விற்றது. அப்போது 32 ஜிபிக்கே விலை மயக்கம் போட வைத்தது.

வேலை அரை மணி நேரம்தான். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு நாலைந்து திருகுகளைக் கழற்ற வேண்டும். பழைய மாடல்களில் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். புதிய மாடல்களில் எம்.2 என்ற மெல்லிய பட்டை. அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி. ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். மாடல் எண்ணைப் பார்க்காமல் பணத்தை நீட்டக் கூடாது. இன்னொன்று. எஸ்எஸ்டி வேகத்தைத்தான் கொடுக்கும், வயதைக் குறைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரையாவது எதிர்பார்க்கிறது. 2015 லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் ஒழுங்கான வழி.

இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத, வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கழற்றிய டிஸ்க் எங்கே?

அதில் ஆதார் நகல் இருக்கிறது, வருமான வரிக் கணக்கு இருக்கிறது, கல்யாண ஆல்பம் இருக்கிறது. 'டெலிட் பண்ணிட்டேன்', 'ஃபார்மட் பண்ணியாச்சு' என்பது பெரும்பாலும் சமாதானப் பேச்சு. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தால் பக்கங்கள் மறைந்துவிடாது. அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 2000 முதல் 2002 வரை 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் கிடந்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்து வந்தது!

அதனால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்க வேண்டும். 'எக்ஸ்சேஞ்ச்' என்று கழிக்கும் சில நூறு ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டாம்.

வாங்கி வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன்பு பெரும்பாலும் முனகும். டிக் டிக் என்று சத்தம் போடும், ஃபைலைத் திறக்கத் திணறும். எஸ்எஸ்டி பல சமயம் நேற்று ஓடியது, இன்று இல்லை என்று போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்த ஃபைலை நிபுணர்கள் பல நேரம் மீட்டுவிடுவார்கள். எஸ்எஸ்டியில் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைத் தானே கூட்டிப் பெருக்கிவிடும். மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் சிப்பில் உள்ள மின்னூட்டமும் மெல்லக் கசியும். வேகத்துக்கு எஸ்எஸ்டி, சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க் என்ற பழைய கணக்கு இன்னும் முழுக்கப் பொய்யாகவில்லை.

புது எஸ்எஸ்டியில் எல்லாம் சரியாக ஏறிவிட்டது என்று போட்டோக்களைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை பழைய டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வேலை தொடங்கும் முன்பே காகிதத்தில் எழுதிக்கொள்வது உத்தமம். அந்த எண் இல்லாமல் கதவைத் திறக்க மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸிங் ஒன்றில் போட்டு மாதம் ஒரு முறை லேப்டாப்பில் செருகி, புதிய போட்டோக்களை அதில் ஏற்றலாம். கிழட்டு டிஸ்க்தான் என்பதால் முக்கியமானவற்றுக்கு வேறிடத்தில் இன்னொரு நகலும் வேண்டும். முனக ஆரம்பித்துவிட்டது என்றால் உள்ளதை நகலெடுத்துக்கொண்டு, தட்டுகளின் ஊடே டிரில்லரால் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, மின்கழிவு மறுசுழற்சிக்குப் பதிவு பெற்ற நிறுவனத்திடம் கொடுக்கலாம்.