யாருடைய திருப்தி?

மனநலச் சேவை பெறும் இளைஞரிடம் ‘உமக்குத் திருப்தியா?’ என்று கேட்டு, விடைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, சேவை சிறந்ததென முடிவுகட்டும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் லார்சன், அட்கிசன் முதலானோர் வெளியிட்ட வினாக்கொத்து இத்துறையில் பெயர்பெற்றது. வினாக்கள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி, உச்சம் 32. கருவியை நாம் குறை கூறவில்லை. அதைக் கொண்டு முழு உண்மையையும் அளந்துவிட்டோம் என்போரையே மறுக்கிறோம்.

வினாக்கொத்து யார் கையில் சேர்கிறது? வைத்தியசாலைக்குத் தொடர்ந்து வருவோர் கையில். ஒருமுறை வந்து மனங்கசந்து திரும்பியவன் அங்கில்லை. மணப்பேச்சுக்கு ஊறு வருமென்று வீட்டில் மறைக்கப்பட்ட பெண்ணும் அங்கில்லை. நாவிதன்வெளியை எடுத்துக்கொள்வோம். தமிழரும் முஸ்லிம்களும் வயலை நம்பி வாழும் பிரதேசம். பெரிய வைத்தியசாலைகள் இருப்பதோ கல்முனையில். மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடினால் அவ்வழி அடைபடும். இக்கரையில் நின்றுவிட்ட இளைஞனின் மனக்குறை எந்த ஏட்டில் பதிவாகும்? களத்துக்கு வந்த நெல்லை மட்டும் மரைக்காலால் அளந்து, வெள்ளங்கொண்ட வயலைக் கணக்கில் விட்டு, ‘விளைச்சல் அமோகம்’ என்பவனை எந்த உழவன் நம்புவான்?

வந்தவனின் விடையும் ஐயத்துக்குரியதே. வினாத்தாளை நீட்டுபவர் நாளை அவனுக்கு மருந்து தர வேண்டியவர். அருகில் நிற்பவர் தாய் அல்லது மாமா. இலவசமாய்க் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்ற கூச்சம் வேறு. இந்நிலையில் அவன் இடும் 4, மரியாதைக்கு இட்ட புள்ளி. எதையும் எதிர்பார்க்கக் கற்பிக்கப்படாதவனைத் திருப்திப்படுத்துவது மிக எளிது. வறியவனின் பொறுமையை நிறைவென்று எழுதிக்கொள்வது பழைய தந்திரம்.

‘அளக்காவிட்டால் திருத்துவது எப்படி?’ என்பர். அளக்க வேண்டாமென்று யார் சொன்னது? 1995-ல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகின் மிகக் கூடியவற்றுள் ஒன்றாக நின்றது. அதிநச்சுப் பூச்சிகொல்லிகள் 1995-லும் 1998-லும் தடைசெய்யப்பட்டபின் அது வெகுவாக இறங்கியது. அந்த மாற்றத்தை நமக்குக் காட்டியது எது? இழந்த உயிர்களை ஒளிக்காமல் எண்ணிய கணக்கே.

இங்கும் அத்தகைய கணக்கையே கோருகிறோம். சிகிச்சையை இடையில் விட்டவர்கள் எத்தனை பேரென்று எண்ணுங்கள். காரணத்தை அவர்தம் இசைவோடு, இரகசியங் காத்துக் கேளுங்கள். கேட்பவர் சேவை தருபவராயிருத்தல் ஆகாது. பெற்றோரின் விடையைப் பிள்ளையின் விடையாக எழுதாதீர்கள். வினாக்களை வகுக்கும் மேசையில் இளைஞரும், பெண்களும் உட்பட, அமரட்டும். அவர்கள் பேசும் தமிழில் வினாக்கள் எழட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்புக்கு வராத பிள்ளையை நாள்தோறும் பதிவேட்டில் குறிக்கிறோம். வைத்தியசாலைக்கு வராத பிள்ளையை எவரும் குறிக்காதபோது நாம் மட்டும் ஏன் வாளாவிருக்க வேண்டும்? அடுத்த அறிக்கை சராசரியோடு வரும்போது முதல் வினாவை நாமே கேட்போம்: இதில் சேராதவர் எத்தனை பேர்?