செத்த மிக்ஸிகள் சாட்சி சொல்ல வராது

“என்ன இருந்தாலும் அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா?” திருத்தணி கடைத்தெருவில் மிக்ஸி வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறார்கள். விற்கிறவரும் தலையாட்டுகிறார். இது பொய். எல்லாரும் மனமார நம்புவதால் கெடுதல் அதிகமான பொய்.

1980களில் வாங்கிய மிக்ஸி இன்னும் ஓடுகிறது என்று எடுத்துக் காட்டுகிறார்கள். ஓடுவது கண்ணில் படுகிறது. அதே வருஷம் வாங்கி, காயில் கருகி, பழைய இரும்புக்காரர் வண்டியில் போனவற்றை யார் கணக்கு வைத்தார்கள்? ஜெர்மனியிலிருந்து வந்த பிரௌன் மிக்ஸியே நம் ஊர் அரைப்புக்குத் தாங்கவில்லை. அந்தத் தோல்வியைப் பார்த்துத்தான் சத்ய பிரகாஷ் மாத்தூர் 1963இல் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். சீக்கிரம் கெடும்படி பொருள் செய்கிற வஞ்சகமும் புதிதல்ல. 1924இல் ஜெனீவாவில் பிலிப்ஸ், ஓஸ்ராம் முதலான பல்பு கம்பெனிகள் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் அடக்க ஒப்பந்தம் போட்டன. அதற்கு மேல் எரியவிட்ட கம்பெனிக்கு அபராதமும் உண்டு.

அந்தக் காலம் யாருடைய காலம் என்றும் கேட்க வேண்டும். மிக்ஸி அன்று மாதச் சம்பளக்காரர் வீட்டுச் சாமான். நெசவாளர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் பெண்கள் அம்மியில் குனிந்தும் ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தும் தோள் கடுக்க அரைத்தார்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எத்தனையோ வீடுகளில் அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அம்மி நூறு வருஷம் உழைக்கும். அரைத்தவளின் இடுப்பு உழைத்ததா? பழைய பொருளின் பெருமையைப் பேசும் ஆண்களிடம் எனக்கு வரும் கோபம் இதனால்தான்.

இன்று மலிவு மோட்டார்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அன்றைய விலையுயர்ந்த பொருளை இன்றைய ஆக மலிவான பொருளோடு நிறுத்துவது நியாயமான ஒப்பீடு இல்லை. நல்ல விலைக்கு இன்று நல்ல மோட்டார் கிடைக்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுத்த இடத்தில் பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட் அளவில் சுற்றுகிறது.

நாம் இழந்தது வேறு: பழுது பார்த்து ஓட்டும் வசதி. அம்மையார்குப்பத்திலும் ஆர்.கே.பேட்டையிலும் பல வருஷமாக ஓடும் விசைத்தறிகளைப் பாருங்கள். அவற்றில் நாடா மாறியிருக்கிறது, பிக்கர் மாறியிருக்கிறது, மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது. பாகம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, பழுது பார்க்க ஆள் இருக்கிறார், அதனால் தறி ஓடுகிறது. மிக்ஸியில் தேய்வது பெரும்பாலும் சின்னக் கார்பனும் கப்ளரும்தான். அந்த மாடலுக்கு அவை வருவதில்லை என்று கடையில் கைவிரிக்கிறார்கள். மிக்ஸி குப்பைக்குப் போகிறது.

அப்போதும் “இந்தக் காலத்துப் பொருளே இப்படித்தான்” என்று பெருமூச்சு விட்டால் தயாரிப்பவர் தப்பித்துக்கொள்கிறார். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் இணையதளமே தொடங்கியிருக்கிறது. அடுத்த மிக்ஸி வாங்கும்போது உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதோடு நிறுத்தாதீர்கள். கப்ளரும் கார்பனும் ஜாரும் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.