குடம் கவிழ்ந்த கதை

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற பூம்புகாருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எனக்குக் கவிழ்ந்தது கப்பல் அல்ல. ஒரு பித்தளைக் குடம்தான். ஆனாலும் நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காரணம், அது கவிழ்ந்த இடம் என் தங்கை புருஷனுடைய கார்!

மாயூரத்தில் அவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். மாதா மாதம் தவணை கட்டும் கார். சவாரி இல்லாத நாளாகப் பார்த்து, "பத்திரம், மச்சான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அன்று தை அமாவாசை. முழங்கால் வலியால் வர முடியாத என் தாயார், "காவிரி கடலில் கலக்கிற இடத்திலிருந்து ஒரு குடம் தீர்த்தமாவது கொண்டு வா" என்று கேட்டிருந்தாள். கொண்டு வந்தேன். பின் இருக்கைக்குக் கீழே, இரண்டு துணி மூட்டைகளுக்கு நடுவே குடத்தை நிறுத்தினேன்.

மேலையூர்ப் பக்கம் வந்தபோது பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு சம்பா நெல் காய்ந்தது. எதிரே ஒரு பஸ். நெல்மீது ஏற்ற மனம் வரவில்லை, பிரேக்கை மிதித்தேன். பின்னால் 'ணங்' என்று ஒரு சப்தம். அவ்வளவுதான், தீர்த்தம் முழுவதும் காரின் விரிப்புக்கு அபிஷேகம் ஆகிவிட்டது.

துண்டை எடுத்துத் துடைத்தேன். மேலே சற்று உலர்ந்தாற்போல் இருந்தது. "அப்பாடா!" என்று நிமிர்ந்தேன். நெல்லுக்குச் சொந்தக்காரர், அறுபது வயதுப் பெரியவர், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, மேல்நெல்லைத் தொட்டுப் பார்த்துட்டுக் காய்ஞ்சிட்டுதுன்னு மூட்டை பிடிச்சா, உள்ளே முளை விட்டுடும். அடியைப் பாருங்க" என்றார்.

காரே வைத்திராத அந்த மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காரில் நம் காலில் படும் விரிப்பு வெறும் மேல்தோல். அதன் கீழே சப்தத்தையும் சூட்டையும் தடுப்பதற்காகக் கம்பளித் துண்டு போலவோ பஞ்சு போலவோ தடித்த மெத்தை ஒன்று இருக்கிறது. அதற்கும் கீழே இரும்புத் தகடு. தண்ணீர் மெத்தையில் புகுந்துவிட்டால், மேலே உலர்ந்தபின்பும் அடியில் நாட்கணக்கில் தங்கியிருக்கும். ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்; வாடை கிளம்பும்; தகடு துருப்பிடிக்கும்.

பெரியவர் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது உப்பால்ல இருக்கு!" என்றவர், வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து நிறுத்தினார். நனைந்த காரில் இன்னும் தண்ணீரா என்று நான் பதறினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதல்லவா? உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு விரிப்பில் தங்கினால் அது காய்ந்து காய்ந்து மறுபடி ஈரமாகும்; இரும்பையும் சீக்கிரம் அரிக்கும். ஆகையால் கடல் நீர் கொட்டினால் முதலில் நல்ல தண்ணீரை விட்டு ஒற்றி எடுப்பதுதான் முறை.

ஓர் எச்சரிக்கை. இப்போதைய கார்களில் இருக்கைகளுக்கு அடியில் மின் கம்பிகள் ஓடுகின்றன. விபத்தின்போது விரியும் காற்றுப் பைக்கான இணைப்பும் அங்கே இருக்கலாம். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். கம்பிகள் நனைந்திருந்தாலோ, இருக்கையைக் கழற்ற வேண்டியிருந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மிதித்தோம். தேய்த்தால் ஈரம் பரவும். அழுத்தினால் துணிக்கு ஏறும். வேட்டியைப் பிழிந்து பிழிந்து பத்துத் தடவை போட்டோம். (வண்டி கழுவும் கடையில் தண்ணீரை உறிஞ்சும் யந்திரம் கிடைத்தால் இந்த நர்த்தனம் தேவையில்லை.) கதவுப் படியிலுள்ள பிளாஸ்டிக் பட்டையை மெதுவாகக் கிளப்பி, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தோம். நெல்லைக் கிளறி விடுவது போலத்தான்; அடிப்பக்கத்துக்குக் காற்று போக வேண்டும்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினால் சீக்கிரம் காயும் என்று நினைத்தேன். அது இட்லிப் பானை சமாசாரம். எழும்பிய ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே படியும். நான்கு கதவுகளையும் திறந்து வைத்தோம். அந்தி சாய்ந்ததும் பெரியவர் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடினார். நானும் கதவுகளைச் சாத்தினேன். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மாவா? பனி இறங்கும் நேரத்தில் திறந்து வைத்தால், பகலில் போன ஈரம் இரவில் திரும்பி வந்துவிடும்.

மாயூரம் வரும் வழியில் ஏ.ஸி.யைப் போட்டுக்கொண்டு வந்தேன். குளிர்ச்சிக்காக அல்ல. அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்துக் காருக்கு அடியில் சொட்டச் செய்கிறது. (எதுவும் கொட்டாமலே முன் இருக்கைப் பக்கம் விரிப்பு நனைகிறதா? அந்தச் சொட்டுக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம்.) வீட்டில் இரவெல்லாம் மேஜை விசிறி விரிப்பின் அடியில் சுழன்றது. மறுநாள் மீண்டும் வெயில்.

வாசனைத் தைலம் எதுவும் தெளிக்கவில்லை. பூஞ்சணத்தின்மேல் பன்னீர் தெளித்தால் பன்னீர்தான் கெட்டுப்போகும். நன்றாக உலர்ந்தபின் ஆப்ப சோடாவைத் தூவி வைத்திருந்து உறிஞ்சி எடுத்தால் மிச்ச வாடையும் போய்விடும்.

மூன்றாம் நாள் காலை வைத்தீசுவரன் கோயிலுக்கு ஒரு கல்யாணக் கோஷ்டியின் சவாரி. அது போனால் அந்த மாதத் தவணையில் ஒரு பகுதி போயிற்று. மாப்பிள்ளை வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, ஒரு காகிதத்தை மெத்தையின் அடியில் வைத்து அழுத்திப் பார்த்தார். காகிதம் நனையவில்லை. பிறகு முகர்ந்து பார்த்தார். "பரவாயில்லை, மச்சான்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் மேலையூர் வழியே போனபோது பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கும் ஒரு பரீட்சை இருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. முதல் நாள் யந்திரம் கூடுதலாகக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுபடி இரண்டு நாள் காய வைத்து, ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, 'கடக்' என்று ஒடிந்தபின்தான் மூட்டை பிடித்தாராம். வாங்கிக்கொண்டார்கள்.

தாயாரைப் பற்றிச் சொல்லவில்லையே? குடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதைத் தலையில் தெளித்துக்கொண்டு, "இது போதும்டா" என்றாள். மிச்சம் எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.